மணி இரண்டு இருபது

அத்தியாயம் பதினான்கு

கொனாடு அம்மாள் இறந்து அன்று எட்டாம் நாள். குமாசியில் இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள்; ஆகவே சனிக்கிழமை போனவருக்குச் சனிக்கிழமையே வாரச் சடங்கு.

இடைப்பட்ட நாட்களில் நடந்ததைச் சில வாக்கியங்களில் அடக்கிவிடலாம். இதய நோய்ப் பிரிவில் படுத்திருந்த தாய் அழைப்புமணியை அழுத்தியது, மருத்துவமனைக் கணினியின் பதிவுப்படி, பிற்பகல் இரண்டு இருபதுக்கு. அதே பிரிவில் செவிலியராக வேலை பார்த்த மகன் நியார்கோ படுக்கையருகே வந்து பதிவு செய்தது இரண்டு நாற்பத்து மூன்றுக்கு. மூன்று மணிக்குத் தாய் இல்லை. அந்த இரு பதிவுகளையும் அச்சிட்டுத் தாய்மாமன் சார்பொங்கின் கையில் கொடுத்தவள் மகள் டூஃபி. அதே மருத்துவமனையின் சர்வர்களைப் பராமரிப்பவள் அவள்.

"மணி அடிச்சதும் ஓடித்தான்க்கா வந்தேன்" என்று நியார்கோ முதல் நாள் சொன்னான்.

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று அக்கா பதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவன் அதைத் திரும்பச் சொல்லவில்லை. நான்காம் நாள் மருத்துவமனை நீட்டிய தாளில், தாமதம் தன்னுடையதே என்று கையெழுத்திட்டான். விசாரணைக் குழு கூடுவது திங்கட்கிழமை. அதற்குப் பிறகு அவனுக்குச் செவிலியர் உடுப்பு இருக்குமா என்பது ஐயம். தாயின் சாவுக்கு நிற்கும் உரிமை இருக்காது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

குமாசியின் டாஃபோ பகுதியில், குடும்ப வீட்டின் முன் கறுப்பும் சிவப்புமாகப் பந்தல் போட்டிருந்தார்கள். சுவரெங்கும் கொனாடு அம்மாளின் படம். அதன் கீழே 'எதிர்பாராத இழப்பு' என்று பெரிய எழுத்து. வருகிறவர்கள் வலமிருந்து இடமாகக் கை கொடுத்துக்கொண்டே போவதற்காக, நெருங்கிய உறவினருக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு வரிசையாக இருந்தன. டூஃபி எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது.

"மாமா, தம்பிக்கு?"

"அவன் பின்கட்டுல தட்டு கழுவட்டும். வரிசையில உக்கார வேணாம்." சார்பொங் தோளில் சரிந்த கறுப்புத் துணியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "விடியக்காலையில மது வார்த்துட்டேன். உங்கம்மா தண்ணிக்குத் தவிச்சு இருபத்து மூணு நிமிஷம் கெடந்தா, பெத்த புள்ள வரலேன்னு முன்னோருக்குச் சொல்லியாச்சு. அவங்க காதுல விழுந்தது விழுந்ததுதான்."

"அதை அவன்கிட்ட யாரு சொல்றது?"

"பேப்பர் கொண்டாந்தவ நீதானே? நீயே சொல்லு."

சார்பொங் முப்பத்தோராண்டு கோகோ கொள்முதல் நிலையத்தில் எடை எழுத்தராக இருந்தவர். தாளில் எழுதியதை நம்புவார். எழுதாததை விசாரிக்க மாட்டார். மருமகளும் அவரைக் கொண்டே பிறந்திருந்தாள்.

டூஃபி பின்கட்டுக்குப் போய், இரண்டே சொற்களில் சொன்னாள். நியார்கோ தலையசைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தான்.

ஒன்பதரை மணிக்கு, ஊன்றுகோலோடு ஒரு பெண்மணி பந்தலுக்குள் வந்தார். கொனாடு அம்மாளுக்கு அடுத்த படுக்கையில் படுத்திருந்த ஃபொரிவா. வியாழக்கிழமைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நீதான் கம்ப்யூட்டர்க்காரியா? உங்கம்மா சொல்லிச் சொல்லி என் காதே தேஞ்சு போச்சு" என்று உட்கார்ந்தார். "ஏழு நாள் என்னைத் தூங்க விடல அவ. பந்தாமா ஏரியாவுல யாரு யாரைக் கட்டுனா, யாரு யாரை விட்டா, எல்லாம் எனக்கு இப்ப மனப்பாடம்."

டூஃபிக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது.

"கடைசி நாள் எப்படி இருந்தாங்க பெரியம்மா?"

"நல்லாத்தான் இருந்தா. கரன்ட் போயிருச்சு. நாங்க வெந்துட்டோம். தன் விசிறியால எனக்கும் சேத்து வீசினா. கரன்ட் திரும்பி வந்துச்சு பாரு, வார்டே 'ஓ'ன்னு கத்துச்சு, பந்து கோலுக்குள்ள போன மாதிரி. அவளும் கை தட்டினா. ஃபேன் சுத்துறதப் பாத்து, 'கடவுள் இன்னிக்கு லைன்மேன் சட்டை போட்டு வந்திருக்காரு'ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு நெஞ்சப் பிடிச்சா. மணிய அழுத்தினா."

"கரன்ட் வந்த பிறகா?"

"பின்ன? கரன்ட் இல்லேன்னா அது மணியா? வெறும் குச்சி. கொசு அடிக்கக்கூட ஆகாது."

"தம்பி எவ்வளவு நேரத்துல வந்தான்?"

ஃபொரிவா ஊன்றுகோலின் கைப்பிடியைத் தடவினார். "அதை என்கிட்ட கேக்காத மகளே. மருந்து குடுத்தா காலை, சோறு குடுத்தா மத்தியானம், அவ்வளவுதான் எனக்கு அங்க. பக்கத்துல ஒருத்தி நெஞ்சப் பிடிச்சிட்டிருக்கும்போது எல்லாமே நெடுநேரந்தான்."

டூஃபி கைப்பேசியை எடுத்தாள். போன சனிக்கிழமை, தன்னோடு வேலை பார்க்கும் அலிடுவுக்கு அனுப்பிய செய்தி அதில் இருந்தது. *லைட் வந்தாச்சு. பழைய பெட்டிய எழுப்புறேன்.* நேரம் இரண்டு முப்பத்து நான்கு.

கரன்ட் வந்தது இரண்டு முப்பத்து நான்குக்கு. கரன்ட் வந்த பிறகே அடிக்கக்கூடிய மணி, பதிவுப்படி அடித்தது இரண்டு இருபதுக்கு.

அவள் எழுந்தாள்.

"ஆளுங்க வர்ற நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்றார் சார்பொங்.

"ஒரு கடிகாரத்தப் பாக்கணும் மாமா."

"ஏன், இந்த வீட்டுல கடிகாரம் இல்லையா?"

அவள் அதற்குள் தெருவில் இருந்தாள். ட்ரோட்ரோ வேனுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லாமல் டாக்ஸியை நிறுத்தினாள்.

* * *

சர்வர் அறையில் அலிடு இலைப் பொட்டலத்தைப் பிரித்து வாச்சே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கறுப்புச் சேலைத்துணியில் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பொட்டலத்தை மூடினான்.

"மேடம், இன்னிக்கு நீங்க இங்க..."

"பழைய பெட்டியத் திற. அழைப்புமணி மெஷின். அதுல மணி என்னன்னு பாரு."

வாசகர்கள் இங்கே சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று டூஃபி கண்டதைக் காண, அந்த அறையின் குடித்தனத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அங்கே இரண்டு பெட்டிகள். புதிய பெட்டிக்குள் பத்து மெய்நிகர் சர்வர்கள், ஒரே கூட்டுவீட்டின் பத்து அறைகளைப் போல. ஓர் அறையில் நோயாளர் பதிவு, ஓர் அறையில் மருந்தகம், ஓர் அறையில் ஆய்வகம். ஓர் அறையில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. தெருவுக்குக் கதவும் கிடையாது. ஆனால் பத்து அறைகளும் நேரம் பார்ப்பது கூடத்துச் சுவரில் உள்ள ஒரே கடிகாரத்தை. அதைத் திருத்துவதற்கு ஒரு நேரச் சேவை கூடத்தில் ஓடினால் போதும். அறைக்குள் இன்னொன்றை ஓடவிட்டால், முள்ளைத் தொட உரிமையில்லாமல் அது நாளெல்லாம் முறையிட்டுக்கொண்டிருக்கும். உரிமை கொடுத்தாலோ, கூடத்துச் சேவையோடு சண்டையிடும். ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்கும்.

போன மாதம் டூஃபி அதை ஒழுங்குபடுத்தினாள். பதினொரு பெயர்கள் கொண்ட பட்டியல், ஒரே கட்டளை. பதினொன்றிலும் நேரச் சேவை நின்றது. பத்தில் அது முற்றிலும் சரி.

பதினோராவது, அறை அல்ல. பழைய பெட்டிக்குள் தன்னந்தனியாக இருந்த ஒரு முழு வீடு. மெய்நிகர் இயந்திரந்தான், ஆனால் தனக்கென்று சொந்தக் கடிகாரம் வைத்திருப்பது. அதை உறங்கவைத்தால் கடிகாரமும் உறங்கும். எழுந்ததும், உறங்கிய நேரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 'இப்போது மணி என்ன?' என்று வெளியே ஒரு வார்த்தை கேட்பதற்கு அதற்குள்ளேயே ஒரு சேவை ஓடியாக வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் டூஃபி தன் கையால் நிறுத்தியிருந்தாள்.

போன சனிக்கிழமை இரண்டு பத்துக்குக் கரன்ட் போனது. ஜெனரேட்டர் எழவில்லை. மின்கலம் தீர்ந்துவிடாமல் இருக்க, கரன்ட் இல்லாதபோது எதற்கும் பயன்படாத அழைப்புமணி இயந்திரத்தை இரண்டு பதினான்குக்கு உறங்கவைத்து, பழைய பெட்டியை அணைத்தாள். இரண்டு முப்பத்தைந்துக்கு எழுப்பினாள். பச்சை விளக்குகள் எரிந்தன. அவள் கென்கே சாப்பிடப் போனாள்.

அவள் தாய் அப்போது இரண்டு மாடிகளுக்கு மேலே கை தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது அம்பத்து மூணு, பதினோரு செகண்ட்" என்று திரையைப் படித்தான் அலிடு. பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான். "மேடம்?"

கூடத்துக் கடிகாரத்தில் பத்து பதினான்கு, இருபது விநாடி.

இருபத்தொரு நிமிடம், ஒன்பது விநாடி. ஒன்பது விநாடி, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மாதத்தின் சோம்பல். இருபத்தொரு நிமிடம், உறக்கம். செவிலியர் மேசையில் உள்ள பலகை படுக்கை எண்ணை மட்டுமே காட்டும், நேரம் காட்டாது. ஆகவே எட்டு நாட்களாக யாரும் கவனிக்கவில்லை.

அது இரண்டு இருபது என்று எழுதியபோது உலகத்தில் மணி இரண்டு நாற்பத்தொன்று. நியார்கோ வந்தது, சரியாக ஓடிய புதிய பெட்டியின் நோயாளர் பதிவுப்படி, இரண்டு நாற்பத்து மூன்று.

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரே ஒரு கட்டளை" என்றான் அலிடு மெதுவாக. "அரை நிமிஷ வேலை. நான் சரி பண்ணிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"தொடாத."

"பட்டியல்ல ஒரு பேரு கூடிப்போச்சு. யாருக்கும் வர்றதுதானே? இதைப் போய்..."

"திங்கட்கிழமை குழு வந்து இதை இப்படியே பாக்கணும் அலிடு. இந்தத் தப்பு நேரம் இப்படியே ஓடிட்டு இருக்கணும்."

"பாத்தா உங்க வேலை என்னாகும்னு நினைச்சீங்களா? அம்மா போன வாரத்துல வேலையும் போகணுமா?"

"என் தம்பி ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றாள் அவள். "செய்யாததுக்கு."

மேசையிலிருந்த தாள் ஒன்றின் பின்புறத்தில், இரண்டு நேரங்களையும் பேனாவால் எழுதி, கழித்து, விடையின் கீழே கோடிட்டாள். திரையைப் படம் எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதை இங்கே குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

அலிடு அவளைக் கதவு வரை கொண்டுவந்து விட்டான். "உங்கம்மா எனக்கும் அம்மா மாதிரிதான் மேடம்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

* * *

திரும்பியபோது பந்தல் நிறைந்திருந்தது. கை கொடுக்கும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. டூஃபி தன் இடத்தில் உட்காரவில்லை. நேராக மாமனின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அந்தப் பேப்பர் தப்பு."

"உக்காரு முதல்ல."

"மணி அடிச்சது ரெண்டு இருபதுக்கு இல்ல. அது அந்த மெஷினோட ரெண்டு இருபது. நம்ம ரெண்டு நாப்பத்தொண்ணு. கரன்ட் இல்லாதப்ப அதைத் தூங்க வச்சோம். எழுந்ததும் அது நேரத்தச் சரி பண்ணிக்கல."

சார்பொங் அருகிலிருந்தவருக்குக் கை கொடுத்து அனுப்பிவிட்டு, விரல்களில் கணக்கிட்டார். எழுத்தரின் விரல்கள், தவறவில்லை.

"அப்ப பையன் வந்தது?"

"ரெண்டே நிமிஷத்துல."

மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். "எடை நிலையத்துல ஒரு சட்டம் உண்டு" என்றார் பிறகு. "தராசு பொய் சொன்னா, மூட்டை கொண்டாந்தவனைப் பிடிக்கக் கூடாது. தராச வச்சவனைப் பிடி. இந்தத் தராச வச்சது யாரு?"

வரிசையில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நான்தான் மாமா."

"தெரிஞ்சா?"

"தெரியாம. ஆனா நான்தான். சரி பண்றேன்னு நினைச்சுதான் நிறுத்தினேன்."

அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்ப் புதிய மதுப்புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"சொல்லைக் கொண்டாந்தவ கையாலதான் அதைத் திருப்பணும். நீ பிடி. நான் வார்க்கிறேன். பரிகாரத்துக்கு ஆடு அப்புறம் பாத்துக்கலாம்."

முற்றத்து மண்ணில் மது விழுந்தது. காலையில் விழுந்த இடத்தின் ஈரம் காய்ந்து வட்டமாகத் தெரிந்தது. அதே வட்டத்தில்தான் அவர் வார்த்தார். "கேட்டவங்க எல்லாரும் கேளுங்க. கொனாடு, நீயும் கேளு. நான் விடியக்காலையில சொன்னது தப்பு. உன் மகன் வந்தான். உடனே வந்தான். தப்பான கணக்கை நம்பி உன் முன்னாலயே உன் பிள்ளையைக் குறை சொல்லிட்டேன்." இன்னொரு துளி வார்த்தார். "நீ அப்பவே எனக்கு மறுப்பு சொல்லியிருப்ப. எனக்குத்தான் கேக்கல."

டூஃபி புட்டியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒருவரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

வார்த்து முடித்ததும் அந்த எழுபது வயது முதியவர், யாரையும் ஏவாமல், பந்தலின் மூலையிலிருந்து ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துவந்து வரிசையில் தன் வலப்பக்கம் போட்டார்.

"போ. கூட்டிட்டு வா."

* * *

நியார்கோ தட்டுகளை முடித்துவிட்டு, துவைகல்லின் மீது உட்கார்ந்திருந்தான். கையில் தண்ணீர்ப் பை ஒன்று, பிரிக்காமல்.

அக்கா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தாளைக் காட்டினாள். கழித்தல் கணக்கைக் காட்டினாள். எதையும் மெருகேற்றாமல் சொன்னாள். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள், வரவில்லை.

"ரெண்டு நிமிஷமா?" என்றான்.

"ரெண்டு."

"நான் கண்ணால பாத்தேன்க்கா. பலகையில ஏழுன்னு விழுந்துச்சு, ஓடினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் நீ பேப்பரக் காட்டின. எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு. எங்கேயோ நின்னு தூங்கிட்டேன் போலன்னு நினைச்சேன்."

"என்னை ரெண்டு அறை அறைஞ்சிருடா."

"தண்ணி கேட்டாங்க. பையக் கடிச்சு ரெண்டு வாய் குடுத்தேன். போறவங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்." அவன் நிறுத்தினான். "அம்மா என்னைத் திட்டலக்கா. அதுதான். கடைக்குப் போய் அஞ்சு நிமிஷம் லேட்டானா தெருவே கேக்குற மாதிரி கத்துவாங்களே, அவங்க திட்டல. என்னையே பாத்துட்டு இருந்தாங்க. இருபத்து மூணு நிமிஷம் காக்க வச்ச மகனத் திட்டக்கூட வேணாம்னு விட்டுட்டாங்க, மனசுல இருந்தே எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். எட்டு நாளா அந்தப் பார்வையத்தான் பாத்துட்டு இருக்கேன்."

டூஃபி அவன் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டறதுக்கு ஒண்ணுமே இல்லடா. மணிய அழுத்தினாங்க. நீ வந்துட்ட."

அப்போதுதான் அவன் அழுதான். செவிலியர் பயிற்சியில் யாரும் கற்றுக்கொடுக்காத விதத்தில், வாயைத் திறந்து, சிறு பிள்ளையைப் போல. அவள் அழவில்லை. அழுவதற்கான முறை தனக்கு இன்னும் வரவில்லை என்று எண்ணினாள். யார் எதை நிறுத்தியதால் அவன் எட்டு நாள் அந்தப் பார்வையோடு இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"திங்கட்கிழமை நான் வர்றேன்" என்றாள். "குழு முன்னாடி அந்த மெஷினத் திறந்து காட்டுறேன். அது இன்னும் தப்பாத்தான் ஓடிட்டு இருக்கு. அதைப் பாத்தா உன் கையெழுத்து செல்லாது."

"உன் வேலை?"

"முதல்ல மூஞ்சியத் தொடை. மாமா நாற்காலி போட்டு வச்சிருக்காரு."

அவன் தண்ணீர்ப் பையின் முனையைப் பல்லால் கடித்துப் பிரித்தான். பிரித்த பிறகு, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. அலிடு.

*மேடம், நீங்க இருக்குற நிலையில உங்களக் கேக்கக் கூடாதுன்னு நானே செஞ்சுட்டேன். நேரத்தச் சரி பண்ணியாச்சு. மெஷின் தூங்கி எழுந்த பதிவையும் அழிச்சுட்டேன். இனி யாராலயும் உங்களக் கை காட்ட முடியாது. நிம்மதியா துக்கம் அனுசரிங்க.*

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"யாருக்கா?" என்றான் நியார்கோ.

அவள் கைப்பேசியைத் துவைகல்லின் மீது கவிழ்த்து வைத்தாள்.

"தண்ணியக் குடிடா" என்றாள்.

பந்தலிலிருந்து மாமன் இருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். வரிசையில் நாற்காலி இப்போது குறையவில்லை. மருத்துவமனை அலுவலகத்தில், இழுப்பறையில், நியார்கோ கையெழுத்திட்ட தாளும் குறையவில்லை.